இருபது பிள்ளைக்குச் சோறு

தயாபரன் முதலாளிக்கு நான் கொடுக்க வேண்டியது எண்பத்தேழாயிரத்து நானூற்று நாற்பது ரூபாய். அத்தனையும் அரிசி. அதில் ஒரு கிலோகூட என் வீட்டில் வேகவில்லை. எல்லாம் பள்ளிக்கூடத்துப் பானையில் வெந்தது.

ஹல்துமுல்லைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சாப்பாடு சமைப்பது நான். மலையேற முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் போய் நான் கொழுந்து பறிக்கிற வேலையை விட்டபிறகு பள்ளிக்கூடத்து அதிபர் கூப்பிட்டுக் கொடுத்த வேலை. அரிசி அரசாங்கத்திலிருந்து மாதாமாதம் மூட்டையாக வரும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நூறு கிராம் என்று கணக்கு. பருப்பு, முட்டை, மரக்கறிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு வரும். அதில் வாங்கினது போக மிஞ்சுவதுதான் என் கூலி.

அரிசிதான் என்னை மாட்டிவிட்டது. எந்த மாதமும் கடைசி நாள்வரை அது வந்ததில்லை. மாதக் கடைசியில் ஒரு வாரம் மூட்டை காலியாகக் கிடக்கும். இன்றைக்கு அரிசி இல்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, நானும் அதே லயத்து வரிசை வீட்டில்தானே இருக்கிறேன். அதனால் தயாபரன் கடையில் கடனுக்கு எடுப்பேன். ஏன் குறைகிறது என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. மூட்டை நாலு கை மாறி வருகிறது, ஆளுக்குக் கொஞ்சம் கழித்திருப்பார்கள், உலகத்தில் எதுதான் கழிக்காமல் வந்து சேருகிறது என்று இருந்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் அறிவிப்பு வந்தது. பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர்கள் எல்லாரும் பதுளைக்குப் போய் மூன்று நாள் பயிற்சி எடுக்கவேண்டும். மூன்றாவது நாள் பரீட்சை. சான்றிதழ் இல்லாதவர்கள் அடுத்த பள்ளித் தவணையிலிருந்து அடுப்பைத் தொடமுடியாது. நின்றுபோயிருக்கிற மூன்று மாத பில் காசும் சான்றிதழைக் காட்டினால்தான் கிடைக்கும்.

அதிபர் எனக்குச் சொன்ன அன்றைக்கே இது தயாபரனுக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த தடவை நான் கடைக்குப் போனபோது என் மகள் கம்சலாவும் கூட வந்திருந்தாள். அப்புத்தளையில் ஏ.எல்., பள்ளிக்கூடத்துக் கடைசி இரண்டு வருஷப் படிப்பு, படிக்கிறவள். அப்போதுதான் முதலாம் வருஷம் தொடங்கியிருந்தது. தயாபரன் கெட்ட ஆள் இல்லை. அவருக்கும் பதுளை பஜாரில் மொத்தமாகக் கொடுக்கிறவர்களிடம் கடன் உண்டு. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"ராக்கம்மாக்கா, நான் ஒங்கள வையல. ஒங்க கை சுத்தம். ஆனா பதுளையில எனக்கு அரிசி போடுறவன் கைய பாக்க மாட்டான், காசத்தான் பாப்பான். பேப்பர் வந்தா ஒங்களுக்குக் காசு வரும், எனக்கும் வரும். வராட்டி கம்சலாவ இங்க அனுப்புங்க. கணக்குல கெட்டிக்காரி. ஒரு ரெண்டு வருஷம் கல்லாவுல இருந்தா கடன் தன்னால கரைஞ்சிரும்."

ரெண்டு வருஷம். ஏ.எல். முடிக்கவும் அவளுக்கு அதே அளவு காலம்தான் வேண்டும். கம்சலா கல்லாப் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டுக்கு வந்தபிறகு, "அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுதும்மா" என்றாள். நீ அதில் உட்காரப் போவதில்லை என்று சொன்னேன். சொன்னேனே தவிர, நம்பிச் சொல்லவில்லை.

பதுளையில் ஒரு மண்டபத்தில் வகுப்பு. வெலிமடைப் பக்கத்திலிருந்தும் மற்ற தோட்டங்களிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கற்றுக்கொடுத்தது நிரஞ்சலா மிஸ். பரீட்சை வைத்துக் கையெழுத்துப் போடவேண்டியவர் சுகாதாரப் பரிசோதகர் றில்வான் சேர். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் பூவம்மா, என்னைப்போலவே கொழுந்தை விட்டுக் கரண்டிக்கு வந்தவள். வாய் சும்மா இருக்காது. தலைமயிரை மறைக்கப் பிளாஸ்டிக் தொப்பி கொடுத்ததும், இத்தனை காலம் கொழுந்து மலையில் இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைத் தலைக்கு ஏற்றிவிட்டார்கள் என்றாள். மிஸ்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு நாள் நல்லபடியாகத்தான் போனது. மீன் வெட்டின பலகையில் மரக்கறி வெட்டக்கூடாது, ஆக்கின சோற்றைச் சூடு ஆறவிடக்கூடாது, சமைத்ததில் ஒரு கோப்பை எடுத்து மூடி அடுத்த நாள்வரை வைக்கவேண்டும், பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கினால் அதைத்தான் சோதிப்பார்கள். எழுத்துப் பரீட்சையில் சரியானதற்குக் கோடு போடச் சொன்னார்கள். விரலை வைத்து மெல்ல வாசித்துப் போட்டேன். பாஸ். மிச்சம் இருந்தது சமையல் மட்டும். இருபத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவளுக்கு இது என்ன பெரிய மலை என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாவது நாள் காலையில் ஆளுக்கொரு அடுப்பு, தட்டு வைத்த ஒரு முள் தராசு, ஒரு மூட்டை அரிசி. இருபது பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும். நூறு கிராம் கணக்கில் இரண்டு கிலோ அரிசி. நகம், தொப்பி, பலகை எல்லாவற்றையும் றில்வான் சேர் சுற்றி வந்து பார்த்தார். எனக்கு எல்லாம் சரி என்று குறித்துக்கொண்டார். சோறு வெந்ததும் எல்லாருக்கும் ஒரே அளவுக் கோப்பை கொடுத்தார்கள். ஒரு பீங்கான் தட்டுக்கு ஒரு கோப்பை. இருபது பீங்கான் நிறையவேண்டும், பானை காலியாகவேண்டும்.

இருபது பீங்கானும் நிறைந்தது. பானை காலியாகவில்லை.

மிஸ் இன்னொரு பீங்கானைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு இன்னொன்று. இருபத்தாறு பீங்கான் ஆனபிறகுதான் அகப்பை பானையின் அடியைத் தொட்டது. சுற்றி இருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். தராசு வாசிக்கத் தெரியாதா என்று றில்வான் சேர் கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் இப்போது எனக்கு முன்னால் நிறுங்கள் என்றார்.

நிறுத்தேன். முள் இரண்டில் வந்து நின்றது. தட்டை எடுத்துச் சட்டியில் கொட்டினேன். பிறகு இரண்டு கையையும் சேர்த்து மூட்டையில் விட்டு, அள்ளி, சட்டியில் போட்டேன். மறுபடியும் ஒருதடவை அள்ளிப் போட்டேன்.

"அது என்ன?" என்றார் மிஸ்.

"கழிவு மிஸ்."

நகரத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த சிலர் சிரித்தார்கள். தோட்டத்து ஆட்கள் சிரிக்கவில்லை. பூவம்மா தன் சட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

றில்வான் சேருக்குப் புரியவில்லை. மலையில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தண்ணீருக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்துத்தான் போடுவார் என்று சொன்னேன். பதினெட்டுக் கிலோ காட்டினால் பதினைந்து. வெயில் நாளிலும் தண்ணீருக்குக் கழிவு உண்டு. அதனால் பதினெட்டு வேண்டும் என்றால் இருபத்தொன்று எடுத்துக்கொண்டு போகவேண்டும். நிறுவையில் காட்டுவது ஒரு நாளும் அப்படியே நின்று நான் பார்த்ததில்லை. கிழித்த துணியும் அளந்த எண்ணெயும்கூட எனக்கு அப்படித்தான். மேலே இரண்டு கை போட்டால்தான் கணக்கு சரி என்று கைக்குப் பழகிவிட்டது.

"இங்க யாரம்மா கழிக்கிறது? நீங்கதானே நிறுக்கிறீங்க, நீங்கதானே ஆக்குறீங்க" என்றார் அவர்.

யாரும் கழிக்கவில்லை. அதை யாராவது கேட்கும்வரை எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் போடுவீர்களா என்று அடுத்துக் கேட்டார். ஆமாம் என்றேன். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு அள்ளா என்றார். ஆமாம். கொஞ்சநேரம் மனதுக்குள் கணக்குப் போட்டவர், அப்படியானால் மாதத்தில் கடைசி ஒரு வாரம் அரிசி இருக்காதே என்றார்.

மண்டபத்தின் சத்தம் எனக்குத் தூரமாகப் போய்விட்டது. மூட்டையில் யாரும் கைவைக்கவில்லை. லொறிக்காரனும் இல்லை, ஸ்டோர்காரனும் இல்லை. மாதாமாதம் மனதுக்குள் நான் திட்டின அத்தனை பேரும் சும்மா இருந்தவர்கள். எண்பத்தேழாயிரத்தையும் என் இரண்டு கையும்தான் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறது.

றில்வான் சேர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அளவுப் பகுதியில் நான் பெயில் என்றார். அடுத்த வகுப்பு எப்போது என்று அவருக்கே தெரியாது, அநேகமாக அடுத்த வருஷம். அதோடு அரசாங்க அரிசியைக் கணக்குக்கு மேல் போட்டிருப்பதால் அதையும் மேலிடத்துக்கு எழுதத்தான் வேண்டும் என்றார். குறைந்ததைக் கடையில் கடனுக்கு எடுத்துப் போட்டேன் சேர் என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த வருஷம் என்றால் பில் அடுத்த வருஷம். தயாபரன் அடுத்த வாரமே கேட்பார். கம்சலாவின் வெள்ளைப் பள்ளிச் சட்டையைப் பெட்டிக்குள் மடித்து வைப்பதுதான் எனக்குக் கண்ணில் வந்தது.

நிரஞ்சலா மிஸ்தான் விடவில்லை. இந்த அம்மா அந்தக் கூடுதல் அரிசிக்குத் தன் காசைத்தான் போட்டிருக்கிறார், பிள்ளைகள்தான் சாப்பிட்டிருக்கிறார்கள், எதையும் விற்கவில்லை என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து ஏதேதோ சொன்னார். கடைசியில் சேர் இறங்கி வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொருதடவை. அதற்கு மேல் இல்லை. மறுபடியும் கூடினால் எழுதியது எழுதினதுதான்.

சமைத்ததையே எல்லாருக்கும் பகல் சாப்பாடாகக் கொடுத்தார்கள். நான் ஆக்கின சோறு எனக்கே இறங்கவில்லை. பூவம்மா மட்டும் ரசித்துச் சாப்பிட்டாள். அவளும் ஒரு கை கூடப் போட்டிருந்தாளாம். அடுப்பைக் கூட்டிவிட்டதில் கூடின சோறு அடியில் பிடித்துக் கருகியதால் தப்பிவிட்டாளாம். "ஒன் அடுப்பு நல்லா எரிஞ்சதுதான் ஒனக்கு வெனை" என்றாள்.

இது விளையாட்டு இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். இரண்டு கிலோவை நிறுப்பது எனக்குத் தெரியும். நிறுத்தபிறகு கை சும்மா இருக்குமா என்றுதான் தெரியாது. அது என்னைக் கேட்டுக்கொண்டு அள்ளுவதில்லை. பூவம்மா கையைக் கழுவிவிட்டு வந்து யோசித்தாள். பிறகு கேட்டாள், "மலையில கணக்கப்பிள்ள எடையக் கூப்பிட்டப் பெறகு ஒரு எலைய போட வுடுவானா?"

விடமாட்டான். நிறுவைக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் சாக்கில் அமுக்கலாம். அவன் சத்தமாக நம்பரைக் கூப்பிட்டுவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு சாக்கைத் தொட்டால் பேச்சு வாங்கவேண்டும். அந்தக் குரலுக்கு என் கை இருபத்தாறு வருஷமும் கட்டுப்பட்டு இருந்திருக்கிறது. நீ நிறுத்ததும் நான் கூப்பிடுகிறேன், கை தானாக நின்றுவிடும் என்றாள் பூவம்மா. தன் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி மூக்கால் பேசிக்கூடக் காட்டினாள்.

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது, றில்வான் சேர் வரும்வரை. பரீட்சை எழுதுகிற ஆளைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது, பேசக்கூடாது என்று சொல்லி எல்லாரையும் பின்னால் நாற்காலிகளுக்கு அனுப்பிவிட்டார். என் அடுப்பு மட்டும் நடுவில். நானும் தராசும் அரிசி மூட்டையும். எனக்கு எதிரே அவர்.

அரிசியைத் தட்டில் போட்டேன். முள் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் எடுத்தேன், கொஞ்சம் போட்டேன். இரண்டில் நின்றது. தட்டைத் தூக்கிச் சட்டியில் கொட்டினேன். கொட்டி முடித்துத் தட்டைக் கீழே வைக்கும்போது பார்க்கிறேன், என் இடது கை ஏற்கனவே மூட்டைக்குள் இருக்கிறது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. வலது கை அதற்குத் துணைக்குப் போய்க்கொண்டிருந்தது. அரிசி விரல் இடுக்கெல்லாம் நிறைந்திருந்தது. சேர் பேனாவை எடுத்தார்.

வேலை செய்த காலம் முழுக்க நான் எடையைக் கூப்பிட்டதில்லை. கொழுந்து யாருடையதோ அவர்கள் கூப்பிடுவதில்லை, நிறுக்கிறவன்தான் கூப்பிடுவான். நாங்கள் வரிசையில் நின்று கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். வாயைத் திறந்தபோது முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு சத்தமாகவே வந்துவிட்டது.

"ரெண்டு கிலோ. கழிவு இல்ல."

மண்டபத்தின் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். மூட்டைக்குள் என் விரல் விரிந்தது. அரிசி திரும்ப விழுகிற சத்தம் கேட்டது. வெறும் கையை வெளியே எடுத்து, மூட்டையின் வாயைச் சுருட்டி மூடி, இரண்டடி தள்ளி நின்றேன். பின்னால் பூவம்மா, "அடுத்த ஆளு" என்று மூக்கால் மெல்லச் சொன்னது கேட்டது. சேர் திரும்பிப் பார்த்ததும் இருமினாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம். சட்டியில் அரிசி அவ்வளவு கீழே கிடந்து நான் பார்த்ததே இல்லை. கழுவும்போதும் குறைவாகத் தெரிந்தது, உலை வைக்கும்போதும் குறைவாகத் தெரிந்தது. கொதி வந்தபோது மூடியைத் திறந்து பார்த்து, இது பதினைந்து பிள்ளைக்குக்கூடக் காணாது என்று நினைத்தேன். மூட்டை பக்கத்திலேயே இருந்தது. சேர் ஒருதடவை தண்ணீர் குடிக்க எழுந்து போனார். அந்த நேரத்தில் ஒரு கை போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பரிமாறும்போது மிஸ்ஸும் வந்து நின்றார். கோப்பையை நிரப்பி, விளிம்போடு வழித்து, பீங்கானில் கவிழ்த்தேன். பத்துப் பீங்கான் ஆனபோது பானையில் பாதிக்கும் கீழே. பதினேழாவதில் அடி தெரிந்தது. பத்தொன்பதாவதுக்குப் பானையைச் சரித்து வழித்தேன். இருபதாவது கோப்பைக்கு அகப்பையால் ஓரமெல்லாம் சுரண்டி எடுத்தேன். நிறைந்தது. விளிம்புக்கு ஒரு பருக்கை மேலும் இல்லை, கீழும் இல்லை என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் அமுங்கித்தான் இருந்தது. றில்வான் சேர் குனிந்து அந்தக் கோப்பையைப் பார்த்தார், பானைக்குள் பார்த்தார், மறுபடியும் கோப்பையைப் பார்த்தார்.

"சரி" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலே எழுதுவதாகச் சொன்னதைப் பற்றி, இனிமேல் இப்படி நடந்தால்தான் எழுதுவேன் என்று மட்டும் சொன்னார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டேன்.

தவணை தொடங்கியதும் எடையைச் சத்தமாகக் கூப்பிட்டுத்தான் நிறுக்கிறேன். பிள்ளைகள் கேட்டுவிட்டு அதையே விளையாட்டாக்கிவிட்டார்கள். அந்த மாதம் அரிசி கடைசி நாள்வரை வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். முன்பு இரண்டாவதுதடவை பீங்கானை நீட்டின பிள்ளைகளுக்குப் போட என்னிடம் சோறு இருந்தது. இப்போது இல்லை. நாலாம் வகுப்பு மேனுஷா காலையில் வெறும் தேத்தண்ணீரோடு வருகிற பிள்ளை. பீங்கானோடு வந்து நின்றாள், பானையை எட்டிப் பார்த்தாள், திரும்பிப் போனாள். அன்றைக்கே அதிபரிடம் சொன்னேன். நிரஞ்சலா மிஸ்ஸுக்கும் போன் எடுத்தேன். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதி அனுப்பச் சொன்னார், கூடுதல் கேட்கலாமாம். அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இனி அள்ளிப் போடுவதென்றால் தெரிந்தே, என் கூலியிலிருந்து, காசு கொடுத்து வாங்கித்தான் போடவேண்டும். சில நாள் போடுகிறேன்.

மூன்று மாத பில் காசு ஒக்டோபரில் வந்தது. மரக்கறிக்காரனுக்கும் முட்டைக்கும் கொடுத்ததுபோக என் கையில் நின்றது சரியாக எண்பத்தேழாயிரம். வீட்டுக்குக் கொண்டுபோனால் அது ஆயிரம் வழிக்குப் போகும் என்று நேராகத் தயாபரன் கடைக்கே போனேன். கடை வாசலில் பதுளை லொறி நின்றிருந்தது. அரிசி இறக்கிவிட்டுக் காசுக்காக டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

தயாபரன் எச்சில் தொட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"நானூத்தி நாப்பது நிக்கிதே" என்றார்.

அடுத்த மாதம் தருகிறேன் என்றேன். வெளியில் ஹோர்ன் நீளமாக அடித்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார், காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் வரைக்கும் ஒரு நானூற்று நாற்பதை யார் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பது என்று முணுமுணுத்தார்.

"சரி, அது போகட்டும்க்கா."

கடன் கணக்குப் புத்தகத்தில் என் பேருக்கு எதிரே குறுக்காக ஒரு கோடு இழுத்தார். பேனா எழுதவில்லை என்று உதறிவிட்டு மறுபடியும் இழுத்தார்.

"கல்லாவுக்கு வேற ஆள்தான் பாக்கணும்போல" என்றார்.

"பாருங்க முதலாளி" என்றேன்.